கன்னிக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

செஞ்சி ராஜகிரி மலைக்குப் பின்புறம், பாறைகள் உருண்டு வந்து நின்றுவிட்ட இடத்தில் காஸ்பரின் வீடும் ஆட்டுப்பட்டியும் இருந்தன. பைபாஸ் ஓரம் கோழிக்கடைக்காரர்கள் கழிவு கொட்டத் தொடங்கிய பிறகு அங்கே ஒரு தெருநாய்க் கூட்டம் சேர்ந்தது. கழிவு போதாத நாட்களில் அது ஆடுகளைத் தேடி வந்தது. பட்டப்பகலிலேயே வந்தது. ஒரு ஆட்டைத் தின்னும், மற்ற சிலவற்றைச் சும்மா கடித்துப் போட்டுவிட்டுப் போகும்.

காஸ்பரிடம் செவலை என்று ஒரு நாய் இருந்தது. எங்கிருந்தோ வந்து யாரும் கூப்பிடாமலே தங்கிவிட்ட நாய். கூட்டம் வரும்போதெல்லாம் அது குறுக்கே போய் நின்றது. அப்படி நின்றதில் ஒரு காதில் பாதி போய்விட்டது.

"செவலை ஒத்தையா இன்னாய்யா பண்ணும்?" என்றாள் அவர் மனைவி அமுதா, கடிபட்ட குட்டிக்கு மஞ்சள் அப்பிக்கொண்டே. "தொணைக்கு நல்ல சாதி நாயா ஒண்ணு பாரு."

சாதி நாய் என்றால் செஞ்சியில் ஒரே இடம்தான். திண்டிவனம் ரோட்டில், சிவசங்கர் திருமண மண்டபத்தின் குளிரூட்டப்பட்ட பந்திக்கூடத்தில், அரிய நாயினப் பேரவை இயங்கிவந்தது. மண்டபத்துக்கும் பேரவைக்கும் சிவசங்கர்தான் தலைவர். தூய்மை விஷயத்தில் அவர் இரண்டுக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை. பெண் ஒரு சாதி, பையன் ஒரு சாதி என்று யாராவது பத்திரிகையோடு வந்தால், அந்தத் தேதியில் மண்டபம் எப்போதும் நிரம்பியிருக்கும்.

வாசலில் 'வீட்டுக்கொரு அரிய நாய்' என்று பெரிய பேனர் கட்டியிருந்தது. காஸ்பர் அதை நம்பி உள்ளே போனார்.

"ஐயா, ஆடு காக்கறதுக்கு ஒரு நாய் வேணும்."

சிவசங்கர் அவரை உட்காரச் சொன்னார். "நாங்க நாய் குடுக்கறதில்ல, காஸ்பர். நாய்க்கு வீடு பாக்கறோம். பொண்ணுக்கு வரன் பாக்கற மாதிரி."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு நாய்கள் மெத்தையில் படுத்திருந்தன. ஒன்று கன்னி. கறுப்பு உடம்பு, தேன்நிறக் கால்கள், வில்லை வளைத்து வைத்தாற்போல் வயிறு. மற்றது கோம்பை. செம்பழுப்பு ஆண் நாய், கரி பூசிய மூஞ்சி. இரண்டின் கழுத்திலும் பட்டு ரிப்பன்.

"ரெண்டும் அரிய இனம். ரெண்டுல ஒண்ணை உங்க குடும்பம் தேர்வு செய்யணும். எது?"

"எது ஆட்டை நல்லா காக்குமுங்க?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகாலட்சுமி பேனாவை மூடினாள். அவள் பேரவையின் இல்லத் தகுதி அலுவலர்.

"கோயிலுக்குள்ள வந்து, இந்தத் தூணுல ஈரத்துணி காயப்போடலாமான்னு கேக்கறீங்க," என்றார் சிவசங்கர். கோபமே இல்லை அவர் குரலில். வருத்தம்தான் இருந்தது. "சரி. கோம்பைன்னு வெச்சுக்குவோமா?"

"வெச்சுக்கலாங்க."

"அப்ப கன்னி வேணாமா? கன்னியை ஏன் ஒதுக்கறீங்க?"

"அப்படின்னா கன்னியே இருக்கட்டுங்க."

"பாத்தீங்களா, நிலையில்லாத மனசு," என்றார் மகாலட்சுமியிடம். பிறகு காஸ்பர் பக்கம் திரும்பினார். "வீட்டம்மா உங்க ஆளுங்கதானா?"

"இல்லீங்க. அவங்க அவலூர்பேட்டை. வேற ஆளுங்க. இந்து. நாங்களா பாத்துக் கட்டிக்கினோம். மாதா கோயில்ல கல்யாணம்."

"குழந்தை?"

"ஒரு பொண்ணு, ஜாஸ்மின். நர்சிங் படிக்குது."

"முதல் தலைமுறைக் கலப்பு," என்றாள் மகாலட்சுமி, சர்க்கரை அளவைச் சொல்லும் டாக்டரைப் போல மென்மையாக. "தப்பா எடுத்துக்காதீங்க. மனுஷங்களைப் பத்தி எங்களுக்கு எந்த அபிப்பிராயமும் கிடையாது. தூய ரத்தத்துக்கு உங்க வீட்டுக் காத்து ஒத்துக்குமான்னுதான் பாக்கறோம்."

காஸ்பருக்கு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. முந்தின நாள் செத்த சினையாடு நினைவுக்கு வந்தது. உட்கார்ந்தே இருந்தார்.

அடுத்த வாரம் பேரவை வண்டி வீட்டுக்கு வந்தது. செவலை ஓடிப்போய் அதன் முன்னால் நின்று குரைத்தது. மகாலட்சுமி கண்ணாடியை இறக்கவில்லை.

"அது என்ன?"

"எங்க நாயிங்க."

"அது நாய் இல்ல காஸ்பர். அது விபத்து. ரோட்டுல நடந்தது." பிறகு விளக்கினாள். தூய இனம் வசிக்கப்போகும் வளாகத்தில் கலப்பு நாய் இருக்கக் கூடாது. அதன் மூச்சு, உண்ணி, பழக்கவழக்கம் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். "எங்க பராமரிப்பு இல்லத்துல விடுங்க. நாங்க பாத்துக்கறோம்."

பேரவை ஆட்கள் சுருக்குக் கம்பியோடு இறங்கினார்கள். செவலை பல்லைக் காட்டியது. யாராலும் நெருங்க முடியவில்லை. கடைசியில் காஸ்பரே போய் அதை இரண்டு கையாலும் தூக்கினார். உடனே அது அடங்கிவிட்டது. வண்டியில் ஏற்றும்போது அவர் தாடையை நக்கியது.

"நைனா, அதை எங்க இட்டுனு போறாங்க?" என்று ஜாஸ்மின் ஓடிவந்தாள்.

"ஆஸ்டலு மாதிரி ஒரு எடம்மா. வேளாவேளைக்குச் சோறு போடுவாங்களாம்."

இரண்டு நாய்களும் 'ஒப்பீட்டு வசிப்பு' என்ற திட்டத்தில் வந்து இறங்கின. குடும்பம் இரண்டோடும் வாழ்ந்து பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குடும்பம் எப்படி வாழ்கிறது என்பதைப் பேரவை பார்க்கும். வீட்டில் மின்விசிறி இருந்தது ஒரே அறையில்தான். அது நாய்களுக்கு ஒதுக்கப்பட்டது. காஸ்பரும் அமுதாவும் பட்டியை ஒட்டிய கொட்டகையில் பாய் விரித்தார்கள். ஜாஸ்மின் அடுப்படியில் படித்தாள். மிளகாய் தாளிக்கக் கூடாது, ஏனென்றால் கன்னிக்குத் தும்மல் வரும். ஜெபமாலையை மனதுக்குள் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோம்பை மதியத்தில் தூங்கும்.

உணவு விதி இன்னும் கறாரானது. கடைக்கறி கூடாது. வீட்டில் வளர்ந்த வெள்ளாட்டின் புதுக்கறிதான் வேண்டும். "உங்ககிட்டதான் ஆடு இருக்கே," என்று மகாலட்சுமி மகிழ்ந்தாள். "இந்த வசதிக்காகத்தான் தலைவர் உங்க கலப்பையும் பொறுத்துக்கிட்டார்."

அப்படியாக, ஆடுகளைக் காக்க வந்த நாய்களுக்கு காஸ்பர் ஆடுகளை அறுத்துப் போட்டார்.

ஒரு மத்தியானம் தெருநாய்க் கூட்டம் பட்டிக்குள் புகுந்தது. காஸ்பர் கோம்பை இருந்த அறையைத் திறக்கப் போனார். வாசலில் காவலுக்கு நின்ற பேரவை ஆள் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். தெரு ரத்தத்தோடு தொடர்பு ஏற்படுத்தினால் வசிப்பு ரத்தாகும் என்றான். அமுதாவும் ஜாஸ்மினும் விறகுக்கட்டையோடு பட்டிக்குள் இறங்கினார்கள். காஸ்பர் கல்லை விட்டெறிந்தார். கன்னி ஜன்னல் கம்பியில் முன்னங்கால்களை வைத்து, வெளியே வரத் துடித்துக் கத்திக்கொண்டே இருந்தது. கோம்பை கதவைப் பிறாண்டியது. எல்லாம் முடிந்தபோது அமுதாவின் கெண்டைக்காலில் ரத்தம் வழிந்தது. மூன்று ஆடுகள் கிடந்தன.

மகாலட்சுமி மறுநாள் வந்தாள். "நேத்து இங்க ஏதோ சத்தமாம். கன்னியோட நாடித்துடிப்பு ஏறியிருக்கு. வீட்டுப் பொம்பளைங்க கத்தாம இருக்கப் பழகணும்."

அமுதா காலில் கட்டோடு எழுந்தாள். "எங்க செவலையத் திருப்பிக் குடுத்துடும்மா. உங்க நாயிங்கள நீ இட்டுனு போ."

"செவலை?" மகாலட்சுமி யோசித்தாள். "ஓ, அதுவா. அதுக்கு அன்னிக்கே ஊசி போட்டுக் கருணை பண்ணிட்டோமே. வண்டியிலயே."

காஸ்பர் தாடையை உள்ளங்கையால் அழுத்தித் துடைத்தார். அன்று முழுவதும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு அமுதா விதிகளை மதிப்பதை நிறுத்தினாள். பேரவை ஆள் டீ குடிக்கப் போகும் நேரத்தில் கதவின் கொண்டியையே கழற்றி, கன்னியை வெளியே விட்டாள். "அதுங்க இன்னாய்யா பாவம் பண்ணிச்சி? கூண்டுல போட்டு வெச்சிக்கிறானுங்க," என்றாள். கன்னி முதலில் தரையை மோந்து பார்த்தது. பிறகு ஓடியது. பாறைக்குப் பாறை தாவி, மலையடிவாரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஆடுகளுக்கு நடுவே நாக்கைத் தொங்கப்போட்டு நின்றது. ஜாஸ்மின் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்பு கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

ஒருநாள் அப்படி ஓடிய கன்னி உடனே திரும்பவில்லை. சாயங்காலம்தான் வந்தது. சற்றுத் தூரம் வரை ஒரு கறுப்புத் தெருநாய் அதைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனது.

சில வாரங்கள் கழித்து மகாலட்சுமி கன்னியின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது. பேரவை அவசரமாக மண்டபத்தில் கூடியது. மணமேடையில் நாற்காலிகள் போட்டு நிர்வாகிகள் உட்கார்ந்தார்கள். காஸ்பர் கீழே நின்றார்.

"கோம்பையா இருக்க வாய்ப்பிருக்கா?" என்று ஒரு நிர்வாகி நப்பாசையோடு கேட்டார். "அதுவும் கலப்புதான். ஆனா கௌரவமான கலப்பு."

"இல்லீங்க," என்றார் காஸ்பர். "கறுப்பு நாயி. பைபாஸ்ல சுத்துறது."

யாரோ ஒருவர் அம்மா என்று முனகினார்.

சிவசங்கர் எழுந்தார். கண்களை மூடித் திறந்தார். "கன்னி. அந்தப் பேருக்கே இன்னிக்குக் களங்கம். நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி வளர்த்தோம். பட்டு ரிப்பன் கட்டினோம். கண்ணாடிக்குள்ள வெச்சோம். வெளிய விட்ட ஒரு நாள்ல வம்சத்தையே வித்துட்டு வந்து நிக்குது."

"ஐயா, அது நாயிங்க," என்றார் காஸ்பர்.

"அதனாலதான் பொறுமையா பேசிக்கிட்டிருக்கேன்."

"அது குட்டி போட்டா நல்லதுதானுங்களே? எண்ணிக்கை கூடும்."

சிவசங்கர் அவரைக் கருணையோடு பார்த்தார். "அருகிவரும் இனம்ங்கறதுக்குத்தான் காஸ்பர், இந்தப் பேரவைக்கு மரியாதை, மானியம், வண்டி எல்லாம். எண்ணிக்கை கூடிட்டா அப்புறம் அது வெறும் நாய். ஒரு இனத்தைக் காப்பாத்தறது கஷ்டம் இல்ல. அரிதாவே வெச்சுக் காப்பாத்தணும், அதான் கஷ்டம்."

மேடையில் தலைகள் ஆடின. முடிவு பிறகு தெரிவிக்கப்படும் என்றார்கள். கோம்பையை அன்றே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். களங்கப்பட்ட நாய் பேரவை வளாகத்துக்குள் வரக் கூடாது என்பதால் கன்னி மட்டும் காஸ்பர் வீட்டிலேயே இருந்தது.

முடிவை யாரும் தெரிவிக்கவில்லை. புண்ணாக்கு வாங்கப் போன காஸ்பர் செஞ்சி கூட்டு ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது அதைப் பார்த்தார். இரண்டு ஆட்கள் ஏணி வைத்து ஒரு ஃபிளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்றிருந்தது. நடுவில் பட்டு ரிப்பனோடு கன்னியின் படம், இருபுறமும் குத்துவிளக்கு, கீழே நிர்வாகிகளின் படங்கள். திடீர் உடல்நலக் குறைவால் இயற்கை எய்தியது என்றும் போட்டிருந்தது. தேதியைப் பார்த்தார். மறுநாள்.

"இன்னாப்பா இது, நாளைக்குத்தானே?" என்று ஏணிக்காரனைக் கேட்டார்.

"நாளைக்குச் சிறப்பு விருந்தினர் வராரு. கடைசி நேரத்துல கட்ட முடியுமா? டென்ஷன் ஆயிடும்."

காஸ்பர் அங்கேயே நின்று அமுதாவுக்கு போன் போட்டார்.

"அமுதா, நாயக் கொல்ல வரானுங்க. இப்பவே அதை இட்டுனு எங்கயாச்சும் போ."

அவள் எதுவும் கேட்கவில்லை. "பனமலைக்குப் போறேன். கவிதா வூட்டுக்கு," என்றாள். கவிதா அவள் கூடப் படித்தவள். அமுதா கல்யாணம் பண்ணிக்கொண்டபோது, அவலூர்பேட்டையிலிருந்து வந்து பக்கத்தில் நின்ற ஒரே ஆள்.

ஆட்டோக்காரர் நாயை ஏற்றமாட்டேன் என்றார். அமுதா தன் பழைய புடவையால் கன்னியை முகம் மட்டும் தெரியச் சுற்றி மடியில் கிடத்திக்கொண்டாள். "மாசமா கீது அண்ணே," என்றாள். அவர் வண்டியை எடுத்தார்.

பேரவை வண்டி வந்தபோது வீட்டில் காஸ்பர் மட்டும் இருந்தார்.

"கன்னி எங்க?"

"ஓடிப்போச்சுங்க."

"எவனோடயா?" என்றாள் மகாலட்சுமி, தன்னை மறந்து.

அவள் தலைவருக்கு போன் செய்தாள். ஸ்பீக்கரில் சிவசங்கரின் குரல் தெளிவாகக் கேட்டது. "நாய் போனா போகுது. உடல் வேணுமே. பந்தல் போட்டாச்சு, பட்டு எடுத்தாச்சு. வெறும் பெட்டிக்கு விருந்தினர் மாலை போடுவாரா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "பைபாஸ் பக்கம் போய்ப் பாருங்க."

மறுநாள் மண்டபத்துக்குப் பின்னால் இருந்த காலி மனையில் பந்தல் நிறைந்திருந்தது. வளர்ப்புக் குடும்பம் என்ற முறையில் காஸ்பரை வண்டி அனுப்பி அழைத்துவந்து முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். மேடையில் அரக்குப் பட்டில் சுற்றிய உடல் கிடந்தது. முகம் மூடியிருந்தது. களங்கமுற்ற முகம் பார்வைக்கு வைக்கப்படவில்லை என்று விளக்கம் சொன்னார்கள். நாதஸ்வரம் ஒலித்தது. ஏற்கெனவே வேறொரு கல்யாணத்துக்கு வந்த செட்.

சிவசங்கர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். அவர் குரல் உண்மையாகவே உடைந்தது.

"வாழ்ந்தபோது வழி தவறினாள். ஆனால் ரத்தம் ரத்தம்தான். இந்த உடலின் வளைவைப் பாருங்கள். பட்டுக்குள் இருந்தும் தெரிகிறதே, அதுதான் பல நூற்றாண்டு வம்சம். தெருவில் திரிகிற எந்த நாய்க்கு வரும் இந்தக் கம்பீரம்? இன்று நம் இனத்தில் ஒன்று குறைந்துவிட்டது. இன்று முதல் கன்னி முன்னைவிட அரியது. நம் பேரவை முன்னைவிடத் தேவையானது."

கைதட்டல் எழுந்தது. சிறப்பு விருந்தினர் மாலை வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு காஸ்பரைப் பால் ஊற்ற அழைத்தார்கள்.

அவர் போனார். பட்டின் ஓரம் விலகியிருந்தது. ஒரு வெள்ளைக்கால் தெரிந்தது. நகங்கள் தார்ரோட்டில் தேய்ந்து மழுங்கியிருந்தன. பாதத்தில் பழைய தழும்பு. காஸ்பர் சொம்பைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலையே பார்த்தார். தன் ஆட்டைக் கடித்த கூட்டத்தில் இதுவும் ஒன்றாக இருந்திருக்கலாம். நேற்று வரை கோழிக்குடலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கும். இன்னொரு உயிருக்குப் பதிலாகப் பட்டில் கிடக்கிறது. யார் கூப்பிட்டு, என்ன காட்டி, எப்படிப் பிடித்தார்களோ.

அவருக்கு அழுகை வந்தது. சத்தம்போட்டு அழுதார். பட்டை இழுத்து அந்தக் காலை மூடினார். பிறகு பாலை ஊற்றினார்.

"கலப்புக் குடும்பமா இருந்தாலும் என்ன விசுவாசம் பாருங்க," என்று சிவசங்கர் விருந்தினரிடம் சொன்னார்.

அன்றே கோம்பையை எடுத்துக்கொள்ளச் சொல்லி காஸ்பருக்குச் சலுகை அறிவித்தார்கள். தேர்வு இப்போது எளிது, ஒன்றுதானே மிச்சம் என்றாள் மகாலட்சுமி. காஸ்பர் கும்பிட்டு மறுத்தார். எஞ்சியிருந்த ஆடுகளை ஒரு மினி வண்டியில் ஏற்றினார். வீட்டைப் பூட்டினார். குடும்பம் பனமலைக்குப் போய்விட்டது.

அங்கே ஏரிக்கரையை ஒட்டி கவிதாவின் கொல்லை கிடந்தது. அதில் கொட்டகை போட்டுக்கொண்டார்கள். கன்னி குட்டிகள் போட்டது. சில கறுப்பு, ஒன்று புள்ளி. ஒன்று எதைப் போலவும் இல்லை. நரியோ தெருநாயோ ஆடுகளின் பக்கம் தலைகாட்டினால், கன்னி ஏரிக்கரை மேல் நீண்டு ஓடும் வேகத்தை ஊர்க்காரர்கள் நின்று பார்த்தார்கள்.

தை மாதத்தில் ஒருநாள் பனமலைக் கோயிலைப் பார்க்க ஒரு கார் வந்தது. வெளியூர் விருந்தினர்களோடு சிவசங்கர் இறங்கினார். காஸ்பர் தழை ஒடிக்கப் போயிருந்தார். ஆடுகளோடு அமுதா மட்டும் இருந்தாள். பேரவைத் தலைவரை அவள் ஃபிளெக்ஸில்தான் பார்த்திருந்தாள். அவர் அவளைப் பார்த்ததே இல்லை.

கன்னி ஆடுகளுக்கு முன்னால் வந்து நின்றது. சேறு படிந்த உடம்பு, குட்டிகள் குடித்துத் தொய்ந்த மடி, கழுத்தில் ஒரு தாம்புக்கயிறு. அதன் கால்களுக்கு இடையே குட்டிகள் உருண்டன.

"அழகா இருக்கே. அரிய இனமா சார்?" என்று விருந்தினர் ஒருவர் கேட்டார்.

சிவசங்கர் நெருங்கி வந்து, இடுப்பில் கைவைத்து, கன்னியை மேலிருந்து கீழாகப் பார்த்தார். கன்னியும் அவரைப் பார்த்தது. வாலை ஆட்டவில்லை.

"சேச்சே, தெரு நாய்," என்றார். "நெத்தியைப் பாருங்க, காலைப் பாருங்க. எங்கயோ கன்னி ரத்தம் ஒரு துளி கலந்திருக்கலாம். அவ்வளவுதான். பழகின கண்ணுக்குப் பாத்ததுமே தெரியும்." அமுதாவிடம் திரும்பினார். "என்னம்மா, கலப்புதானே?"

"ஆமாங்க," என்றாள் அமுதா. புள்ளிக்குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஆடு தண்ணிக்குப் போவணும்."